மூன்று கட்டங்களும் நடுக்கட்டத்தின் பிழையும்

சென்ற வாரம் என் மகள் தன் அறிவியல் குறிப்பேட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் வட்டங்கள் வரிசை தவறாமல் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அதன் கீழே ‘திண்மம்’ என்று எழுதியிருந்தாள். மூன்றாவது கட்டத்தில் ஏழெட்டு வட்டங்கள் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன, அது ‘வாயு’. நடுவில் இருந்த ‘நீர்மம்’ என்னும் கட்டத்தில் மட்டும், வட்டங்கள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி இன்னொரு வட்டம் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, நெருக்கமும் இல்லாமல் சிதறலும் இல்லாமல், இரு பக்கத்தாருக்கும் இடையே சமரசம் பேச வந்தவைபோல மிதந்துகொண்டிருந்தன. இதே படத்தை வரைந்து நானும் அவள் வயதில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தலைமுறை கடந்தும் மாறாமல் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் பென்சிலை நிறுத்திவிட்டு, “அப்பா, இந்த வட்டங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது? காற்றா?” என்று கேட்டாள்.

காற்று என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் காற்றும் இதேபோன்ற துகள்களால் ஆனதுதான் என்பதால், அந்தப் பதில் கேள்வியை ஒரு படி தள்ளிவைக்குமே தவிர முடித்துவைக்காது. நடுவில் எதுவும் இல்லை என்றேன். அவள் முகம் சுருங்கியது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. அணுக்களும் அவற்றுக்கிடையே வெறுமையும் அன்றி வேறில்லை என்று பண்டைக் கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ் சொன்னதை, அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. அவருக்கு உறுத்தியதும் அந்த வெறுமைதான். ஒரு பாத்திரம் நிறைய நீர் இருக்கும்போது அதற்குள் ‘எதுவும் இல்லாத’ இடங்களும் கலந்திருக்கின்றன என்பதை மனம் எளிதில் ஒப்புவதில்லை.

அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது: இந்த வட்டங்களை யார் பார்த்தார்கள்? பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் அவசரப்படுகின்றன என்பது என் எண்ணம். பருப்பொருள் துகள்களால் ஆனது என்று முதல் வரியிலேயே அறிவித்துவிட்டு, அதை மனிதர்கள் எவ்வளவு தயங்கி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் வேதிவினைகளின் எடைக்கணக்கை அணுக்களைக் கொண்டு விளக்கினார். அதன்பின் நூறு ஆண்டுகள் கழிந்தும், அணு என்பது கணக்குக்கு உதவும் ஒரு கற்பனை மட்டுமே என்று கருதிய பெரிய அறிஞர்கள் இருந்தார்கள். வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு போன்ற முதல்தர வேதியியலறிஞர்கூட 1909-ஐ ஒட்டித்தான் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அவரைப் போன்றவர்களை மாற வைத்தது ஒரு பழைய வேடிக்கை. 1827-இல் தாவரவியலறிஞர் இராபர்ட் பிரவுன், மகரந்தமணிகளை நீரிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நுண்ணிய துணுக்குகள் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். மகரந்தமணியே ஆடியது என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன, அது சரியன்று. மகரந்தமணி அப்படி ஆடுவதற்கு மிகப் பெரியது. ஆடியவை அதற்குள்ளிருந்து வெளிவந்த மிகச் சிறு துணுக்குகள். உயிர் இருப்பதால் ஆடுகின்றனவோ என்று ஐயுற்ற பிரவுன், கண்ணாடி, கனிமம் போன்ற உயிரற்ற பொருள்களையும் பொடித்துப் போட்டுப் பார்த்தார், அவையும் ஆடின. அதற்குமேல் அவரால் போக முடியவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன், கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுவதால்தான் துணுக்கு தடுமாறுகிறது என்று கொண்டு, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தொலைவு தடுமாறும் என்பதற்குக் கணக்கு எழுதினார். பிரெஞ்சு இயற்பியலறிஞர் ழான் பெரின் 1908 முதல் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, பிசின் துணுக்குகளின் இருப்பிடத்தைப் பொறுமையாகக் குறித்துக் குறித்து அந்தக் கணக்கைச் சோதித்தார். கணக்கும் அளவீடும் பொருந்தின. 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. துகளை யாரும் பார்க்கவில்லை. அது இடித்துத் தள்ளியதைப் பார்த்தார்கள். கூட்டத்தில் நம்மை இடிப்பவரின் முகம் தெரியாவிட்டாலும் இடித்தது பொய்யாகிவிடுமா?

எனக்கு இதைவிடவும் பிடித்த சான்று ஒன்று உண்டு, ஏனென்றால் அதற்கு நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் இலண்டனை அடுத்த கிளாபம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். அது அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி, அலையடித்துக்கொண்டிருந்த நீரைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டது என்று 1774-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். தேக்கரண்டி என்பதை 5 மில்லிலிட்டர் என்றும் அரை ஏக்கரை 2,000 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொண்டு வகுத்தால், எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் நானோமீட்டர். எண்ணெய் மூலக்கூறின் நீளம் இதே அளவினதுதான். அதாவது, எண்ணெய் ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரவி, அதற்குமேல் மெலிய வழியில்லாமல் நின்றுவிட்டது. பிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1890-இல் ஆங்கிலேய இயற்பியலறிஞர் ராலே பிரபு இதைக் கவனமாக அளந்து 1.6 நானோமீட்டர் என்னும் எண்ணைப் பெற்றார். அதே காலத்தில், பல்கலைக்கழகம் எதிலும் படிக்காத ஆக்னஸ் பொக்கல்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண், தம் வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத்தொட்டியை வைத்துக்கொண்டே இத்தகைய படலங்களை ஆராய்ந்து ராலேக்குக் கடிதம் எழுதினார்; அக்கடிதம் 1891-இல் அச்சேறியது. பொருளை வரம்பின்றிப் பிரித்துக்கொண்டே போக முடியாது, ஓரிடத்தில் அது ‘இவ்வளவுதான்’ என்று நின்றுவிடும் என்பதை ஒரு தேக்கரண்டி எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி, அந்த நடுக்கட்டத்துக்கு வருகிறேன். உண்மையில் அந்தப் படம் தவறு. சற்றே மிகைப்படுத்திய படம் என்று சொல்லி விட்டுவிட முடியாத அளவுக்குத் தவறு. திண்மம் உருகும்போது அதன் துகள்கள் பெரிதாக விலகிச் செல்வதில்லை. உலோகங்கள் பலவும் உருகும்போது கனஅளவில் 3 முதல் 6 விழுக்காட்டளவே பெருகுகின்றன. கனஅளவு 6 விழுக்காடு கூடினால் துகளுக்கும் துகளுக்கும் இடையேயான தொலைவு 2 விழுக்காடுதான் கூடும். பென்சிலால் வரைந்தால் அந்த வேறுபாடு கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். நீரோ இன்னும் ஒரு படி மேலே போய்ப் படத்தைத் தலைகீழாக்குகிறது. பனிக்கட்டி உருகி நீராகும்போது மூலக்கூறுகள் விலகுவதற்குப் பதிலாக நெருங்குகின்றன. பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம், அதே வெப்பநிலையில் நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1 கிராம். பனிக்கட்டிக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் பற்றிக்கொண்டு நிற்பதால், நடுவில் அறுகோண வடிவ வெற்றிடங்கள் விழுகின்றன. உருகியதும் அந்தக் கட்டமைப்பு சரிந்து, மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொள்கின்றன. பனிக்கட்டி மிதப்பதற்கும், உறையும் நீர் குழாயைப் பிளப்பதற்கும் இதுவே காரணம்.

நீர்மத்துக்குள் படத்தில் காட்டுவதுபோல் அத்தனை இடம் இருந்தால், அதை அழுத்திச் சுருக்கிவிட முடிய வேண்டும். மரியானா அகழியின் அடியில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழத்தில், கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தம் நீரின்மீது ஏறி அமர்ந்திருக்கிறது. அங்கேயும் நீரின் அடர்த்தி 5 விழுக்காடுதான் கூடுகிறது. சுருங்குவதற்கு இடம் இல்லை என்பதுதான் பொருள். வாயு நிலை வேறு கதை. கொதிநிலையில் இருக்கும் நீர் நீராவியாக மாறும்போது கனஅளவு ஏறத்தாழ 1,600 மடங்காகிறது. 1,600-இன் கனமூலம் 12-க்குச் சற்றுக் குறைவு. எனவே, தொட்டுக்கொண்டிருந்த மூலக்கூறுகள் சராசரியாக முன்னிருந்ததைப்போல் 12 மடங்கு தொலைவுக்குப் போய்விடுகின்றன. இந்த 12 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பிறகு தேவைப்படும்.

அப்படியானால் திண்மத்தையும் நீர்மத்தையும் பிரிப்பது எது? இடைவெளி அன்று, இடம்மாறும் உரிமை. திண்மத்தில் துகள் தன் இருக்கையைச் சுற்றியே துடிக்கிறது; அண்டை வீட்டார் என்றும் அதே அண்டை வீட்டார்தாம். நீர்மத்தில் அண்டை வீட்டார் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நீரில் ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பற்றியிருக்கும் நேரம் ஒரு நொடியை இலட்சம் கோடியாக வகுத்தால் கிடைக்கும் நேரத்தைப் போன்றது. விடுவதும் வேறொன்றைப் பற்றுவதுமாகவே அதன் காலம் கழிகிறது. ஆனாலும், நெரிசலுக்குள் இப்படி இடம் மாறி மாறி அது போய்ச் சேரும் தொலைவு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. சற்றும் கலக்காத, அசைவற்ற நீரில் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே விலகுகிறது. ஒரு நாள் முழுதும் அலைந்தாலும் புறப்பட்ட இடத்திலிருந்து மூன்றரை சென்டிமீட்டர்தான் தள்ளியிருக்கும். சாயத்துளி ஒன்றை அசையாத நீரில் விட்டுவிட்டுப் பொறுமையிழந்தவர்களுக்கு இது புரியும்.

காற்றிலும் இதே நெரிசல் வேறு வடிவில் உண்டு. அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆனால் 70 நானோமீட்டர் போவதற்குள் இன்னொன்றின்மேல் முட்டித் திசை மாறுகிறது. நொடிக்கு எழுநூறு கோடி மோதல்கள். அதனால் மோதி மோதிப் பரவும் விரவல் என்னும் நிகழ்வால் மட்டும் ஒரு மணமூட்டியின் மூலக்கூறு ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர்கூட நகராது. அறையின் ஒரு மூலையில் திறந்த வாசனைப் புட்டி மறுமூலையில் நொடிகளில் மணப்பதை விரவலுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது வழக்கம். என்னைக் கேட்டால் அது பொருந்தாத எடுத்துக்காட்டு. அங்கே மணத்தைச் சுமந்து வருவது பெரும்பாலும் அறைக்குள் எப்போதும் இருக்கும் காற்றோட்டம்.

வேகத்தைப் பற்றிய இன்னொரு தவறான எண்ணத்தையும் அந்த மூன்று கட்டங்கள் வளர்த்துவிடுகின்றன. வாயுத் துகளுக்கு அம்புக்குறி போடுகிறோம், திண்மத்துக்குப் போடுவதில்லை; ஆகவே திண்மத்தின் துகள்கள் மெல்ல அசைகின்றன, வாயுவின் துகள்கள் விரைந்து ஓடுகின்றன என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. வெப்பநிலை ஒன்றாக இருந்தால் துகள்களின் சராசரி இயக்க ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், அவை எந்த நிலையில் இருந்தாலும். சுழியம் டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியின் மூலக்கூறும், அதை ஒட்டியிருக்கும் நீரின் மூலக்கூறும், மேலே காற்றில் திரியும் நீராவி மூலக்கூறும் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் என்னும் அளவிலான வேகத்தில்தான் இயங்குகின்றன. பனிக்கட்டியில் இருப்பது முன்னே பாய்ந்த மறுகணமே பின்னுக்கு இழுக்கப்படுகிறது. நீராவியில் இருப்பதை இழுக்க ஆளில்லை. அவ்வளவே வேறுபாடு.

இதைப் புரிந்துகொண்டால்தான் உள்ளுறை வெப்பம் என்பது விளங்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1760-களில் இதைக் கண்டறிந்து பாடமாகச் சொல்லிவந்தார். உருகும் பனிக்கட்டிக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், கடைசித் துண்டு கரையும் வரை வெப்பநிலைமானி அசையாது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே வெப்பத்தை உருகிய நீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரி வரை சூடாகிவிடும். அத்தனை வெப்பமும் எங்கே போயிற்று? துகள்களின் வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவாகவில்லை. ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியைத் தளர்த்துவதற்குச் செலவாயிற்று. நீரை நீராவியாக்கும்போது பிடியை முற்றிலும் அறுத்தெறிய வேண்டியிருப்பதால் செலவு இன்னும் பெரிது: கிராமுக்கு 2,257 ஜூல். சுழியம் டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை நீரைச் சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். நீராவி தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது இந்தக் கடன் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. கொதிநீர்க் காயத்தைவிட நீராவிக் காயம் மோசமாக இருப்பது அதனால்தான்.

சராசரி என்ற சொல்லை மேலே இரண்டு முறை எழுதினேன். அது சும்மா எழுதியது அன்று. கூட்டத்தில் எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மிக மெதுவாகவும் சில மிக விரைவாகவும் போகும். நீர்ப்பரப்பில் இருக்கும் விரைவான சிலவற்றுக்குப் பிடியை அறுத்துக்கொண்டு வெளியேறும் அளவுக்கு ஆற்றல் இருக்கும். அவை போய்விட, எஞ்சியவற்றின் சராசரி இறங்கிவிடும். கொதிக்காமலேயே நீர் உலர்வதும், உலரும்போது குளிர்வதும் இதனால்தான்; வியர்வை நம்மைக் குளிர்விப்பதும் இவ்வழியிலேயே.

கொதித்தல் பற்றி ஒரு சிறு கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: தளதளவென்று கொதிக்கும் நீரில் எழும் பெருங்குமிழிகளுக்குள் இருப்பது என்ன? காற்று என்பார் சிலர்; ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார், கொஞ்சம் வேதியியல் படித்தவர். இரண்டும் தவறு. சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரங்களில் ஒட்டும் சிறு குமிழிகள், நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வருபவை. பின்னால் வரும் பெருங்குமிழிகளில் இருப்பது நீராவி மட்டுமே. ஒரு மூலக்கூறை அடுத்த மூலக்கூறிடமிருந்து பிரிப்பதற்கு ஆகும் ஆற்றலைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும், ஒரு மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜனை ஆக்சிஜனிடமிருந்து பிய்ப்பதற்கு. நிலைமாற்றத்தில் குடும்பங்கள் கலைவதில்லை, ஊர்தான் கலைகிறது.

அந்த உவமையைக் கொஞ்சம் நீட்டினால், நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்றுக்கு வந்து சேரலாம். திண்மம், நீர்மம், வாயு என்பவை ஊரின் நிலைகளே தவிர ஒற்றை ஆளின் நிலைகள் அல்ல. நீர் மூலக்கூறு ஒன்று ஈரமாக இருக்காது, குளிர்ந்து கெட்டியாகாது, உருகாது. பனிக்கட்டியில் இருந்த மூலக்கூறுதான் நீரிலும் நீராவியிலும் இருக்கிறது, எடையோ வடிவமோ குறிப்பிடத்தக்கவாறு மாறாமல். திண்மத்தின் துகள் கெட்டியானது, நீர்மத்தின் துகள் மெத்தென்றது, சூடேறினால் துகளே பருக்கிறது என்றெல்லாம் குழந்தைகள் எண்ணுவது, அந்த வட்டங்களைக் குட்டிப் பனிக்கட்டிகளாகவும் குட்டித் துளிகளாகவும் நினைத்துக்கொள்வதால் வருவது. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: எத்தனை பேர் சேர்ந்தால் ஊர்? சிறு சிறு நீர் மூலக்கூறுக் கூட்டங்களை ஆய்வகத்தில் உண்டாக்கி அளவிட்டுப் பார்த்தவர்கள், பனிக்கட்டிக்குரிய படிக ஒழுங்கு தலைகாட்ட ஏறத்தாழ 275 மூலக்கூறுகள் வேண்டும் என்று 2012-இல் அறிவித்தார்கள். 2019-இல் வந்த இன்னோர் ஆய்வு 90 அளவிலேயே அது தொடங்குவதாகக் காட்டியது. எண் எதுவாயினும், ஒரு பனிக்கட்டிக்குக் கீழ்வரம்பு உண்டு என்பதே என்னை ஈர்க்கிறது. ஓரத்தில் இருப்பவர்களின் நிலையும் சுவையானது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுக்கு மேலே பற்றிக்கொள்ள யாருமில்லை. ஆகவே உறைநிலைக்குக் கீழேகூட மேற்பரப்பில் நீர்மம் போன்ற மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. 1850-இல் மைக்கேல் பாரடே இதை ஊகித்துச் சொன்னார். இரண்டு பனிக்கட்டிகளை ஒட்டவைத்தால் அவை ஒன்றாகிவிடுவதை அவர் இப்படித்தான் விளக்கினார்.

ஊரின் ஒழுங்கு என்று பார்க்கத் தொடங்கிய பிறகு, மூன்று கட்டங்களில் அடங்காதவை எல்லாம் விதிவிலக்குகளாகத் தோன்றுவதில்லை. 1888-இல் தாவரவியலறிஞர் பிரெட்ரிக் ரைனிட்சர், கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் மறுபடியும் ‘உருகி’த் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? அதன் நீண்ட மூலக்கூறுகள் முதல் வெப்பநிலையில் தம் இருக்கைகளை இழந்தாலும், எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும் ஒழுங்கை இரண்டாவது வெப்பநிலையில்தான் இழந்தன. நீர்மப் படிகம் என்னும் இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் இன்று எண்ணற்ற திரைகளுக்குள் இருந்து ஒளியை அனுமதித்தும் தடுத்தும் படம் காட்டுகிறது.

கண்ணாடி இதற்கு நேர்மாறு. அதன் துகள்களுக்கு நீர்மத்தின் ஒழுங்கின்மை. ஆனால் திண்மத்தின் அசைவின்மை. ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒரு கணத்தில் உறையவைத்துப் படம் பிடித்ததுபோல. இதை வைத்துக்கொண்டு, பழைய தேவாலயச் சன்னல்களின் கண்ணாடி நூற்றாண்டுகளாக வழிந்து அடியில் தடித்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது; நம்ப வேண்டியதில்லை. அக்காலத்தில் கண்ணாடித் தகடுகளைச் சீரான தடிமனில் செய்ய வழியில்லை, அவ்வளவுதான். உண்மையில் வழியும் ‘திண்மம்’ பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். சுத்தியலால் அடித்தால் சில்லுச்சில்லாக உடையும் கீல் என்னும் பொருளைப் பேராசிரியர் தாமஸ் பார்னெல் 1927-இல் ஒரு புனலில் ஊற்றிவைத்தார். 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். அன்று முதல் 2014 வரை விழுந்தவை ஒன்பது துளிகள். சொட்டுகிறதா உடைகிறதா என்பது பார்ப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

நீர்மத்துக்கும் வாயுவுக்கும் இடையே இருப்பதாக நாம் நினைக்கும் சுவரோ, சுற்றிக்கொண்டு போய்விடக்கூடியது. 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்து இதைக் காட்டினார். 31 டிகிரிக்கு மேல் அதை எவ்வளவு அழுத்தினாலும் மேற்பரப்பு என்று ஒன்று தோன்றுவதே இல்லை. வாயு படிப்படியாக அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. மாறுநிலை எனப்படும் அந்த எல்லைப்புள்ளியைச் சுற்றிக்கொண்டு, எந்த இடத்திலும் கொதிக்காமல், எந்த இடத்திலும் துளி விழாமல், வாயுவை நீர்மமாக்கிவிட முடியும். திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடையே இப்படியொரு சுற்றுவழியை யாரும் கண்டதில்லை. இடைவெளியைக் கணக்கிட்டால் நீர்மம் திண்மத்தின் பக்கம் நிற்கிறது. ஒழுங்கின்மையைக் கணக்கிட்டால் வாயுவின் பக்கம். இரண்டுக்கும் சரிபாதித் தொலைவில் அது எந்தக் கணக்கிலும் நிற்பதில்லை. நடுக்கட்டத்தின்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

நிலைகள் மொத்தம் எத்தனை என்னும் வினாடிவினாக் கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்துபோகும் அளவுக்குச் சூடான பிளாஸ்மாவை நான்காவது என்று எண்ணலாம். சூரியன் முழுவதும் அதுதான். சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கி, 1995-இல் ருபீடியம் அணுக்களை, அதற்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாத தனிச்சுழி என்னும் வெப்பநிலைக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் ஓரிரு பங்குக்குக் குளிர்வித்து எட்டிப்பிடித்த நிலையை ஐந்தாவது என்றும் எண்ணலாம். ஆனால் எண்ணிக்கையைவிட ஹீலியம் எனக்கு வியப்பளிக்கிறது. 1908-இல் காமர்லிங் ஓனஸ் லைடன் நகரில் அதை நீர்மமாக்கினார். அதன் அணுக்களுக்கிடையே ஈர்ப்பு அவ்வளவு வலுவற்றது, குவாண்டம் துடிப்பு அவ்வளவு ஓயாதது என்பதால், சாதாரண அழுத்தத்தில் தனிச்சுழி வரை குளிர்வித்தாலும் அது உறைவதில்லை. ஏறத்தாழ 25 மடங்கு காற்றழுத்தம் கொடுத்து நெருக்கினால்தான் அடங்குகிறது. இழுவைக்கும் துடிப்புக்கும் இடையே எப்போதும் நடக்கும் போட்டியில், துடிப்பு கடைசி வரை தோற்காத ஒரே தனிமம் அது.

இத்தனையையும் மகளிடம் சொல்லவில்லை. சொன்னவற்றிலும் பாதியை அவள் கேட்கவில்லை. படத்தைச் சரியாக வரையலாம் என்றவுடன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் கட்டத்தில் ஐந்துக்கு ஐந்தாக 25 வட்டங்கள் இருந்தன. நடுக்கட்டத்தை அழித்துவிட்டு, அங்கேயும் 23, 24 வட்டங்களை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் வரிசை குலைந்து நிற்கும்படி போட்டாள். பிறகு மூன்றாவது கட்டம். இடைவெளி 12 மடங்கு என்றால் தாளின்மேல் ஒவ்வொரு வட்டத்துக்கும் 12-ஐ 12-ஆல் பெருக்கி 144 மடங்கு இடம் விட வேண்டும். 25-ஐ 144-ஆல் வகுத்தாள். ஒரு முழு வட்டம்கூட வரவில்லை. ஆறு கட்டங்களுக்கு ஒரு வட்டம் என்று கணக்கு சொன்னது. சிறிது நேரம் தாளையே பார்த்தாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அளவுகோலை வைத்து ஆறு வெற்றுக் கட்டங்களை வரைந்தாள். ஐந்தாவது கட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வட்டத்தைப் போட்டு, அது கட்டத்தை விட்டு வெளியே போவதுபோல நீளமான ஓர் அம்புக்குறியை இழுத்துவிட்டு, கீழே ‘வாயு’ என்று எழுதினாள். அதற்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பது திங்கட்கிழமை தெரியும்.